மடிக்கணினி மெதுவாகிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

கணினி பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால், "லேப்டாப் ரொம்ப மெதுவாக இருக்கிறது, என்ன செய்யலாம்?" என்ற கேள்வி உறவினரிடமிருந்தோ உடன் வேலை பார்ப்பவரிடமிருந்தோ அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். அப்படிப் பல ஆண்டுகளாக வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இயங்கும் கணினிகளைப் பற்றியவை. மேக் பற்றிய கேள்வி ஒன்று பின்னால் வருகிறது. கேட்பவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எதையும் அழிப்பதற்கும் வாங்குவதற்கும் முன்னால், கணினி எந்த இடத்தில் திணறுகிறது என்று கண்டுபிடியுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பாருங்கள். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

மெதுவாகிவிட்டது என்ற ஒரே சொல்லுக்குள் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஆன் செய்த முதல் சில நிமிடங்கள் மட்டும் திணறுகிறதா, நாள் முழுவதும் அப்படியா, குறிப்பிட்ட ஒரு மென்பொருளைத் திறந்தால் மட்டுமா, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகா, சார்ஜரைக் கழற்றினால் மட்டுமா என்று கவனித்துக்கொள்ளுங்கள். இணையதளங்கள் மட்டும் தாமதமாகத் திறந்து, கணினிக்குள் இருக்கும் ஆவணங்கள் உடனே திறந்தால், பழுது பெரும்பாலும் கணினியில் இல்லை, இணைய இணைப்பில் இருக்கிறது. அதே வைஃபையில் கைப்பேசியிலும் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

இதைக் குறித்துக்கொண்டு, திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பல நாட்களாக அணைக்காமல் திரையை மட்டும் மூடி மூடித் திறந்து பயன்படுத்தப்பட்ட கணினிகளில் பாதிப் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தீரவில்லை என்றால் அடுத்த கேள்விகளுக்குப் போகலாம்.

தினமும் இரவு ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் தூங்குகிறேன். பிறகு எதற்கு ரீஸ்டார்ட்?

விண்டோஸைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுக்கும்போது, நீங்கள் திறந்த மென்பொருள்கள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் மையப்பகுதியும் டிரைவர்களும் (வைஃபை, பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் நிரல்கள்) அன்றைய நிலையிலேயே வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் காலையில் அப்படியே திரும்ப ஏற்றப்படும். அதனால் டிரைவர் ஒன்றில் ஏற்பட்ட சிக்கல் பத்து ஷட்டவுன்களுக்குப் பிறகும் உயிரோடு இருக்க முடியும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுகிறது.

சோதித்துப் பார்க்க விரும்பினால், டாஸ்க் மேனேஜரின் (திறக்கும் வழி அடுத்த பதிலில்) பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு, அதாவது ப்ராசசர், பக்கத்தில் கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் அப்டைம் என்ற எண் இருக்கும். தினமும் ஷட்டவுன் செய்கிறேன் என்று உறுதியாகச் சொன்னவர்களின் கணினியில் அது 20 நாள், 30 நாள் என்று காட்டியபோது அவர்கள் அடைந்த வியப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தாலும் முழுமையாக அணையும்.

டாஸ்க் மேனேஜரைத் திற என்கிறீர்கள். அதில் எதைப் பார்ப்பது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-இல் சின்னஞ்சிறு பெட்டியாகத் திறந்தால் கீழே உள்ள மோர் டீட்டெயில்ஸைத் தட்ட வேண்டும். ப்ராசஸஸ் பட்டியலின் மேலே சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று நான்கு நெடுவரிசைகள் சதவீதத்துடன் நிற்கும். கணினி திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் இவற்றுள் எது 90-ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கணினி சும்மா இருக்கும்போது திறந்து பார்த்து எல்லாம் நலம் என்று முடிவு செய்வது, காய்ச்சல் இறங்கிய பிறகு வெப்பமானி வைப்பது போன்றது.

நெடுவரிசையின் தலைப்பைத் தட்டினால், அதிகம் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் மேலே வந்து நிற்கும். சிபியு நிரம்பியிருந்தால் பெரும்பாலும் குற்றவாளி ஒரே ஒரு மென்பொருள்தான். அதை மூடினாலே போதும். மெமரி, அதாவது திறந்திருப்பவற்றைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேம், நிரம்பியிருந்தால் ரேம் பற்றிய கேள்விக்குப் போங்கள். டிஸ்க் நிரம்பியிருந்தால் 100 சதவீதம் பற்றிய கேள்விக்கு. நான்கும் குறைவாக இருந்தும் கணினி நகரவில்லை என்றால், வெப்பம், சார்ஜர், பழுதாகும் வட்டு ஆகிய மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். அவை பின்னால் வருகின்றன.

சில நொடிகளுக்கு 100-ஐத் தொட்டுவிட்டு இறங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மென்பொருள் ஒன்று திறக்கும்போது இருக்கும் திறன் முழுவதையும் எடுத்துக்கொள்வது இயல்பு.

ஆன் செய்தால் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது, ஆனால் பத்து நிமிடத்துக்கு எதையும் திறக்க முடியவில்லை. ஏன்?

விண்டோஸ் தயாரானதும் தாமும் எழுந்துகொள்ளும்படி பல மென்பொருள்கள் தம்மைப் பதிவு செய்து வைத்திருக்கும். அரட்டைச் செயலி, வீடியோ அழைப்புச் செயலி, விளையாட்டுக் கடை, பிரிண்டர் உதவியாளர், மேகச் சேமிப்பு ஒத்திசைவு, மூன்று நிறுவனங்களின் அப்டேட்டர்கள் என எல்லாம் ஒரே நேரத்தில் வட்டிலிருந்து தம்மைப் படித்து ஏற்றிக்கொள்ளும். டெஸ்க்டாப் கண்ணுக்குத் தெரிந்தாலும் பின்னால் அந்த நெரிசல் ஓயவில்லை.

டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் ஆப்ஸ் என்ற பகுதி இருக்கிறது. ஒவ்வொன்றும் தொடக்கத்தை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பது ஸ்டார்ட்அப் இம்பாக்ட் என்ற நெடுவரிசையில் தெரியும். ஹை என்று இருப்பவற்றுள், கணினி திறந்த உடனே உங்களுக்குத் தேவைப்படாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள். இதனால் அந்த மென்பொருள் அழியாது. நீங்களாகத் திறக்கும்போது வழக்கம்போலத் திறக்கும். ஆன்டிவைரஸ், டச்பேட், ஒலி ஆகியவற்றுக்கு உரியவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். பெயரைப் படித்தும் இன்னதென்று புரியாத ஒன்றை, இணையத்தில் தேடி அறிந்துகொள்ளும்வரை தொட வேண்டாம்.

டிஸ்க் எப்போதும் 100 சதவீதம் என்று காட்டுகிறது. இடம் தீர்ந்துவிட்டதா?

இல்லை. இந்தச் சதவீதம் வட்டில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. வட்டு எவ்வளவு நேரம் ஓய்வின்றி வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறது. பாதிக்கு மேல் காலியாக இருக்கும் வட்டிலும் 100 சதவீதம் வரலாம். இந்தக் குழப்பத்தால் புகைப்படங்களை எல்லாம் அழித்துவிட்டு, பிறகும் மாறவில்லையே என்று வருந்தியவர்கள் உண்டு.

பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் உங்கள் டிஸ்கைத் தட்டினால், எத்தனை எம்பி படிக்கிறது, எழுதுகிறது என்பதோடு ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம் என்ற எண்ணும் மில்லிநொடிக் கணக்கில் இருக்கும். நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி மட்டுமே நகர்ந்துகொண்டு 100 சதவீதம் என்று காட்டினால், அது பழைய ஹார்ட் டிஸ்கின் இயற்கை. அடுத்த பதிலைப் பாருங்கள். ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிநொடிக்கு அடிக்கடி தாவினால், வட்டு பழுதாகிக்கொண்டிருக்கலாம். அப்போது மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் பிரதி எடுங்கள். விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் சோதனை, தேடலுக்கான அட்டவணைப்படுத்தல் ஆகியவையும் வட்டை நிரப்பும். அவை தாமாக ஓய்ந்துவிடும், ஓய விடுங்கள்.

என்னிடம் இருப்பது ஹார்ட் டிஸ்கா எஸ்எஸ்டியா? மாற்றினால் உண்மையிலேயே வேகம் வருமா?

பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்கின் பெயருக்குக் கீழேயே எஸ்எஸ்டி அல்லது ஹெச்டிடி என்று எழுதியிருக்கும். ஹெச்டிடி என்பது சுழலும் தட்டு கொண்ட ஹார்ட் டிஸ்க்; எஸ்எஸ்டி என்பது சில்லுகளில் சேமிக்கும் வகை. ஹெச்டிடி என்று இருந்து, ரேமும் ஓரளவு போதுமானதாக இருந்தால், எஸ்எஸ்டிக்கு மாறுவதைப் போலப் பலன் தரும் மாற்றம் பழைய மடிக்கணினிக்கு வேறில்லை. இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மடிக்கணினிகளில் பெரும்பாலும் வரும் ஹார்ட் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிநொடி. வேண்டிய தகவல் படிப்பு முனைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் முனையைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். இரண்டும் சேர்ந்தால், வட்டில் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை நொடிக்கு நூறைக்கூட எட்டாத எண்ணிக்கையில்தான் அதனால் எடுக்க முடியும். எஸ்எஸ்டியில் சுழலவோ நகரவோ எதுவும் இல்லாததால் அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது. விண்டோஸ் தொடங்குவதும் மென்பொருள் திறப்பதும் இப்படிச் சிறு துண்டுகளைப் பொறுக்கும் வேலைதான் என்பதால், வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

வாங்குமுன் உங்கள் கணினியில் எந்த வகை பொருந்தும் என்று அதன் கையேட்டில் பாருங்கள். பழையவற்றில் 2.5 அங்குல சாட்டா வகை பொருந்தும். அது நொடிக்கு ஏறக்குறைய 550 எம்பி வரை போகும். மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 துளை உள்ளவற்றில் என்விஎம்இ வகை பொருந்தக்கூடும். அது பல மடங்கு வேகமானது. ஆனால் எம்.2 துளைகளிலும் சாட்டாவை மட்டும் ஏற்பவை உண்டு, உருவம் பொருந்துகிறது என்பதற்காக வாங்கிவிடக் கூடாது. பழைய வட்டை ஒரு மாதமாவது அழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள்.

சி டிரைவ் சிவப்பு நிறமாகிவிட்டது. எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும்?

மொத்தக் கொள்ளளவில் 15 முதல் 20 சதவீதம் காலியாக இருப்பது நல்லது. விண்டோஸ் தற்காலிகக் கோப்புகளுக்கும் ரேமுக்கு மாற்றாகப் பயன்படும் பேஜ் ஃபைலுக்கும் அப்டேட்களுக்கும் இடம் தேடுகிறது. எஸ்எஸ்டியோ காலி இடம் குறையக் குறைய எழுதும் வேகத்தை இழக்கிறது.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதனுள் ஸ்டோரேஜ், அதனுள் டெம்பரரி ஃபைல்ஸ் என்று போனால், எவற்றை அழிக்கலாம் என்று விண்டோஸே பட்டியல் தரும். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும். அது உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான், குப்பை அல்ல. எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டு அழித்ததால், பதிவிறக்கி வைத்திருந்த சான்றிதழ்களை இழந்த ஒருவரை அறிவேன். பெரிய விண்டோஸ் மாற்றத்துக்குப் பிறகு பழைய பதிப்பு பல ஜிபி இடத்தைப் பிடித்திருக்கும். அது வழக்கமாகப் பத்து நாட்களில் தானாக நீக்கப்படும்.

ரேம் எவ்வளவு வேண்டும்? 4 ஜிபி போதாதா?

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் குறிப்பிடும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி. அந்த அளவில் கணினி இயங்கும், ஆனால் நீங்கள் இயங்க இடம் இருக்காது. விண்டோஸும் ஆன்டிவைரஸும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின், பிரவுசரில் நான்கைந்து டேப்களைத் திறந்தாலே எஞ்சியது தீர்ந்துவிடும். அப்போது விண்டோஸ், உடனே தேவைப்படாதவற்றை வட்டில் உள்ள பேஜ் ஃபைலுக்கு மாற்றிவிட்டு, கேட்கும்போது திரும்பக் கொண்டுவருகிறது. வட்டு ஹார்ட் டிஸ்காக இருந்தால், ஒவ்வொரு முறையும் மேலே கண்ட கணக்கின்படி காத்திருக்க நேரும். ரேம் பற்றாக்குறையும் மெதுவான வட்டும் சேர்ந்த கணினி மிகவும் வாட்டுவது இதனால்தான்.

எழுத்து வேலைக்கும் இணையத்துக்கும் 8 ஜிபி, பல டேப்களும் வீடியோ அழைப்பும் ஒன்றாக ஓடுபவர்களுக்கு 16 ஜிபி என்பது என் கணிப்பு. ஆனால் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்கள் கணினியே சொல்லும்: வழக்கமான வேலைகள் அனைத்தையும் திறந்து வைத்து மெமரியைப் பாருங்கள். 60, 70 சதவீதத்தில் நின்றால் ரேம் கூட்டுவதால் வேகம் கூடாது, அந்தச் செலவு வேண்டாம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட முடியாது. இதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, பிரவுசர் மட்டும் இழுக்கிறது.

குரோம், எட்ஜ் இரண்டிலும் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை அழுத்தினால் பிரவுசருக்கே உரிய டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் சிறு துணை நிரல்) எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பது அதில் வரிவரியாகத் தெரியும். எக்ஸ்டென்ஷன்கள் இயங்காத மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) அதே தளம் விரைவாகத் திறந்தால், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். கூப்பன் தேடித் தருவதாகவும் பிடிஎஃப் மாற்றித் தருவதாகவும் சொல்லி எப்போதோ ஏறியவைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

கணினியைச் சுத்தம் செய்யும் கிளீனர் மென்பொருள் போடலாமா?

வேண்டாம். தற்காலிகக் கோப்புகளை விண்டோஸே நீக்கும் வழி மேலே இருக்கிறது. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் தேவையற்ற சில நூறு வரிகளை நீக்குவதால் வேகம் கூடாது, ஏனெனில் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியை முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. தேவையான ஒரு வரி தவறி நீங்கினால் மட்டும் ஏதாவது ஒன்று நின்றுபோகும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இத்தகைய ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை. உங்கள் கணினியில் ஆயிரம் பிழைகள் இருக்கின்றன என்று திரையில் திடீரெனத் தோன்றும் எச்சரிக்கையைத் தட்டவே வேண்டாம்.

டீஃபிராக் செய்தால் வேகம் கூடும் என்கிறார்களே?

அது ஹார்ட் டிஸ்குக்கான வேலை. சிதறிய துண்டுகளை அடுத்தடுத்து வைத்தால் முனை அலைய வேண்டியதில்லை. எஸ்எஸ்டியில் அலையும் முனையே இல்லை என்பதால் பலன் இல்லை, வீணாக எழுதுவதால் தேய்மானம்தான் மிச்சம். விண்டோஸின் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் வசதி வட்டின் வகையை அறிந்து உரியதைத் தானே செய்கிறது. அதை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

பாதுகாப்புக்காக இரண்டு ஆன்டிவைரஸ் வைத்திருக்கிறேன். அதனால் மெதுவாகுமா? ஒருவேளை வைரஸ்தான் காரணமோ?

இரண்டு வேண்டாம். திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் தனித்தனியே சோதிக்கும். ஒன்று செய்வதை மற்றொன்று சந்தேகிக்கவும் செய்யும். விண்டோஸுடன் வரும் டிஃபென்டர், வேறு ஆன்டிவைரஸ் பதியப்பட்டால் வழக்கமாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் வெளியிலிருந்து வாங்கிய இரண்டு அப்படி ஒதுங்குவதில்லை. ஒன்றை முறையாக அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

வைரஸ் காரணமாக இருப்பது, மக்கள் நினைப்பதைவிடக் குறைவு. இருந்தாலும், நீங்கள் எதுவும் செய்யாதபோது சிபியு மேலேயே நின்று, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் சட்டென இறங்குமானால் சந்தேகிக்கலாம். பிறர் கணினியில் திருட்டுத்தனமாக மின்னாணயம் தோண்டும் நிரல்களில் சில அப்படி ஒளிந்துகொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் என்ற தேர்வு உண்டு. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுமையாக ஏறுவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்திருப்பவையும் அகப்படும்.

தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது, விசிறி கத்துகிறது, பிறகு மெதுவாகிவிடுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. ப்ராசசர் தன் வெப்ப எல்லையை, பலவற்றில் அது 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முதல் 15 நிமிடங்கள் நன்றாக ஓடிப் பிறகு தள்ளாடும் கணினியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் வெப்பநிலையைக் காட்டும்.

நான்கு ஆண்டுகள் திறக்கப்படாத ஒரு மடிக்கணினியின் அடிப்பலகையைக் கழற்றியபோது கண்டதைச் சொல்கிறேன். விசிறியின் இறக்கைகளில் அதிகத் தூசு இல்லை. விசிறி காற்றைத் தள்ளும் இடத்தில், செம்புக் குழாயின் நுனியில் சீப்புப் பல் போல நெருக்கமாக உள்ள உலோகத் தகடுகளின் உட்புறத்தில், சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போன்ற ஒரு படலம் ஒட்டியிருந்தது. கிடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் முழுதாக ஒரே பட்டையாகக் கழன்று வந்தது. வெளியிலிருந்து துளைகள் வழியாகப் பார்த்தால் அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அதை எடுத்த பிறகு, அதே வேலையில் விசிறியின் இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது.

திறக்கப் பழக்கம் இருந்தால், கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு அழுத்தக் காற்றால் ஊதலாம். பழக்கம் இல்லை என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ப்ராசசரின் வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். அடிப்பலகை உப்பியிருந்தாலோ டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். அப்போது நீங்களாகத் திறக்க வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம், உடனே உரியவரிடம் கொண்டுபோங்கள். பின்னர் மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்துப் பயன்படுத்துவதை விட்டுவிடுங்கள். அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடுகின்றன.

சூடும் இல்லை, டாஸ்க் மேனேஜரிலும் எல்லாம் சாதாரணம். ஆனால் மவுஸ் நகர்வதே தயங்குகிறது. என்ன காரணம்?

சிபியு பக்கத்தில் ஸ்பீடு என்ற எண்ணைப் பாருங்கள். ஒரு மடிக்கணினியை விண்டோஸ் மறுபடி பதித்தும் பயனில்லை என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். பேஸ் ஸ்பீடு 1.8 கிகாஹெர்ட்ஸ் உள்ள அந்த ப்ராசசர், எந்த வேலை கொடுத்தாலும் 0.39 கிகாஹெர்ட்ஸிலேயே நின்றது. சார்ஜரைக் கழற்றியதும் எண் சட்டென மேலேறியது. சில கணினிகளில் சார்ஜர் தான் எத்தனை வாட் என்பதை முனையின் நடுவில் உள்ள மெல்லிய ஊசி வழியாகத் தெரிவிக்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ ஒயர் அறுந்தாலோ, போதுமான மின்சாரம் வருகிறதா என்று தெரியாத கணினி, ப்ராசசரை அடிமட்ட வேகத்தில் பூட்டிவிடும். சார்ஜரை மாற்றியதும் அந்தக் கணினி சரியாகிவிட்டது. 65 வாட் கேட்கும் கணினிக்குக் கைப்பேசி சார்ஜரைச் செருகினாலும் இதே நிலை வரலாம்.

மாறாக, சார்ஜரைக் கழற்றினால் மட்டும் மெதுவாகிறது என்றால், பெரும்பாலும் அது பழுதில்லை. பேட்டரியைச் சேமிக்க விண்டோஸ் வேகத்தைக் குறைக்கிறது. செட்டிங்ஸில் பவர் மோடைப் பார்த்து வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்.

அப்டேட் ஆன மறுநாளிலிருந்துதான் இப்படி. அப்டேட்டை நிறுத்திவிடலாமா?

ஒரு நாள் பொறுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அட்டவணைப்படுத்தல், ஆன்டிவைரஸ் சோதனை, மென்பொருள்களைப் புதுப்பித்தல் எனப் பின்னணி வேலைகள் நடக்கும். சார்ஜரில் போட்டுச் சில மணி நேரம் விட்டுவைத்தால் ஓய்ந்துவிடும். அப்படியும் மாறாவிட்டால் கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களைக் கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்துப் பதியுங்கள். அதுவும் உதவாவிட்டால் அப்டேட் ஹிஸ்டரி வழியே அந்த ஒரு அப்டேட்டை மட்டும் நீக்கலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் அப்டேட் வழியாகவே வருவதால், அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்துவதற்கு நான் உடன்படமாட்டேன்.

வேலை செய்துகொண்டிருக்கும்போது இடையில் உறைந்து நின்று, அரை நிமிடம் கழித்துத் தானாக ஓடுகிறது. இது எந்த வகை?

படிக்க முடியாத ஒரு பகுதியை வட்டு திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும்போது இப்படித்தான் இருக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், வட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் நலக்குறிப்பைப் படித்துக் காட்டும். குட் என்பதற்குப் பதிலாக காஷன் என்று மஞ்சள் நிறத்தில் வந்தால், அன்றே பேக்கப் எடுங்கள். இந்த நிலையில் விண்டோஸின் வட்டுச் சோதனைக் கருவியான செக்டிஸ்க் ஓட்டிச் சரிசெய்ய முயல்வது தவறு. தேய்ந்த வட்டை முழுவதும் உழச் செய்வதால் எஞ்சியிருப்பதும் போய்விடக்கூடும். பிரதி முதலில், சோதனை பிறகு.

வட்டு நலமாக இருந்து, ப்ராசஸ் பட்டியலில் சிஸ்டம் இன்டரப்ட்ஸ் என்ற வரி சிபியுவில் கணிசமான பங்கை எடுத்துக்கொண்டால், ஏதோ ஒரு கருவியோ அதன் டிரைவரோ கோளாறு செய்கிறது. வெளியில் செருகிய யுஎஸ்பி கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

எதுவும் பலிக்கவில்லை. ஃபார்மட் செய்துவிடலாமா?

மென்பொருள் சார்ந்த சிக்கல் என்றால் பலிக்கும். தூசுக்கும் சார்ஜருக்கும் தேய்ந்த வட்டுக்கும் பலிக்காது. எனவே மேலே சொன்னவற்றைச் சோதித்த பிறகே இந்த முடிவுக்கு வாருங்கள். செட்டிங்ஸில் ரிகவரி என்ற பகுதியில் ரீசெட் திஸ் பிசி இருக்கிறது. கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தாலும் நீங்கள் பதிந்த மென்பொருள்கள் போய்விடும்; அவற்றின் உரிம எண்களை முன்பே எடுத்து வையுங்கள். வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டோமே என்று பேக்கப் எடுக்காமல் இருக்கவும் கூடாது.

இன்னொன்று மிக முக்கியம். பல கணினிகளில் வட்டில் உள்ள தகவலைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் உங்களுக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை நிரல்) மதர்போர்டிலோ மாற்றம் நேர்ந்தால் 48 இலக்க ரிகவரி கீயை அது கேட்கக்கூடும். அந்தக் கீ வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக ஓடும்போதே அதைத் தேடிக் காகிதத்தில் எழுதி வையுங்கள், ஏனெனில் அது இல்லாமல் உள்ளே இருக்கும் தகவலை யாராலும் மீட்டுத் தர முடியாது.

என் பழைய கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. விண்டோஸ் 11 போட்டால் வேகமாகுமா?

வேகத்துக்காகப் போட வேண்டியதில்லை. அதனால் வேகம் கூடாது. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதால், பாதுகாப்புக்காக மாறுவதைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசரும் தேவை. தகுதி இல்லாத கணினியில் குறுக்கு வழியில் ஏற்றுவதைவிட, இணையமும் எழுத்து வேலையும் மட்டும் போதும் என்பவர்கள் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம். யுஎஸ்பியிலிருந்தே இயக்கிப் பார்க்க முடியும் என்பதால், பிடித்தால் மட்டும் பதிந்துகொள்ளலாம்.

மேக்கிலும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். டாஸ்க் மேனேஜருக்குப் பதிலாக ஆக்டிவிட்டி மானிட்டர் இருக்கிறது. அதன் மெமரி பகுதியில் மெமரி பிரஷர் வரைபடம் பச்சையாக இருந்தால் ரேம் போதுமானது. கெர்னல் டாஸ்க் என்ற வரி சிபியுவை விழுங்குவதுபோல் தெரிந்தால் அதை எதிரியாக எண்ண வேண்டாம். கணினி சூடாகும்போது மற்ற வேலைகளுக்கு ப்ராசசர் எளிதில் கிடைக்காதபடி செய்து வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது அதன் பணிகளில் ஒன்று. அப்போது கவனிக்க வேண்டியது வெப்பத்தை.

எப்போது பழையதைக் கைவிட்டுப் புதியது வாங்க வேண்டும்?

ரேம் பற்றவைக்கப்பட்டு 4 ஜிபியில் நின்றுவிட்டால், அல்லது வட்டுக்குப் பதிலாக மதர்போர்டிலேயே ஒட்டிய சிறிய இஎம்எம்சி நினைவகம் இருந்தால், கூட்டுவதற்கு வழி இல்லை. மதர்போர்டு பழுதானாலும், பேட்டரி, கீல், திரை என மூன்று பழுதுகள் ஒன்றாகச் சேர்ந்தாலும் செலவு தகாது. மற்றபடி, ரேமும் எஸ்எஸ்டியும் மாற்ற முடிகிற கணினியை வயதை மட்டும் பார்த்து ஒதுக்க வேண்டாம்.

பழையதைப் பிறருக்குக் கொடுக்கும்போது, கோப்புகளை டிலீட் செய்தால் மட்டும் போதாது. அவற்றை எளிதில் மீட்டுவிடலாம். ரீசெட் செய்யும்போது எல்லாவற்றையும் நீக்கும் தேர்வையும் அதனுள் கிளீன் டேட்டா என்பதையும் கொடுங்கள். ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் அது முடியப் பல மணி நேரம் ஆகும், சார்ஜரைச் செருகிவிட்டே தொடங்குங்கள்.